மாமனாரு வண்டிக்கு ஒரு பிளாக்கு

— நான் ஒன்னு சொல்லட்டுமா மொதலாளி? இத இன்ஜின் பிளாக்குன்னு சொன்னா எங்க வூட்டு ஆடுகூட நம்பாது.

— அருளானந்தம் அண்ணே, மெதுவா பேசுங்க. பக்கத்து யூனிட்டு வேம்பு காதுல வுழுந்துடப் போவுது.

— காதுல வேற தனியா வுழணுமா? ஒரே சூளையிலதான அவன் பொம்மையும் வெந்துது. டான்ஸ் ஆடுற பொம்ம பத்தும் இரும்புக் கொழம்புல கால வுட்டுட்டு எடுக்க முடியாம நிக்கிது. அந்தோனியாரே! இத்தன வருசத்துல இன்ஜின் வெடிச்சிப் பாத்திருக்கேன், வெள்ளாத்துல அடிச்சிக்கிட்டுப் போயிப் பாத்திருக்கேன். அடை மாதிரி தட்டிப் போட்டு இன்னைக்கித்தான் பாக்குறேன்.

— சிரிக்காதீங்கண்ணே. எனக்கு வவுறு எரியுது.

— சரி, சிரிக்கல. போலீஸ்காரன் மாதிரி கேக்குறேன், சொல்லுங்க. வண்டி யாரோடது?

— எங்க மாமாவோடது. ஒங்களுக்குத் தெரியாதா?

— ராஜமாணிக்கம் ஐயாவோடது. அம்பத்தேழாம் வருசத்து எம்.ஜி. வெள்ளக்காரன் ரேசு ஓட்டுறதுக்குன்னு செஞ்ச ரெண்டு சீட்டு வண்டி. அவரு கண்ணு ஆப்பரேசனுக்கு கோயமுத்தூரு போவும்போது ஒங்ககிட்ட என்னா சொல்லிட்டுப் போனாரு?

— வாரத்துக்கு ஒரு தரம் ஸ்டார்ட் பண்ணி வையுங்க மாப்ளன்னு சாவியக் குடுத்தாரு.

— ஸ்டார்ட் பண்ணி வைக்கச் சொன்னாரா, திட்டக்குடிக்கு ஓட்டச் சொன்னாரா?

— திட்டக்குடி இல்ல, வெலிங்டன் ஏரி வரைக்கும். கல்யாணம் ஆயி எட்டு வருசம் ஆவுதுண்ணே. அனுசியாவ பக்கத்துல ஒக்கார வச்சிக்கிட்டு ஒரே ஒரு தரம் போயிட்டு வரலாம்னு.

— ரேடியேட்டர்ல தண்ணி பாத்தீங்களா?

— ஏரிக்குத்தான போறோம், அங்க இல்லாத தண்ணியான்னு வுட்டுட்டேன்.

— ஆகா. நல்ல யோசன.

— பாதி வழியிலயே பொகை வந்துடுச்சி. பக்கத்துல வாய்க்கா. ஒரு கொடம் கடன் வாங்கி, மொண்டு அப்படியே ஊத்தினேன். டப்புன்னு ஒரு சத்தம்.

— ஏன் மொதலாளி, சூளையிலேருந்து சுடச்சுட எடுத்த சாமான் மேல பச்சத் தண்ணி ஊத்துவீங்களா?

— மாட்டேன். வெடிச்சிடும்ல?

— அது தெரியுது, இது தெரியல. சரி, விரிசல் வுட்டுடுச்சி. நேரா எங்கிட்ட வந்திருந்தா பித்தளப் பத்து வச்சி ஒப்பேத்தியிருப்பேனே?

— ஒங்ககிட்ட வந்தா மாமாவுக்குச் சேதி போயிடும்னு பயம். ஒரு நிமிசம் இருங்க, நானும் யோசிக்காம செய்யல. நம்ம பீங்கான் மண்ணுல செஞ்ச ஃபியூஸ் கேரியரு நானூத்தி நாப்பது வோல்ட்டு தாங்குது. அந்த மண்ண கூழு மாதிரி கரைச்சி விரிசல்ல ஊத்தி, மேல பளபளப்புக்கு கிளேஸ் அடிச்சி, சூளையில வச்சி எடுத்தா...

— எத்தன டிகிரி?

— எப்பவும் போலத்தான். ஆயிரத்தி எரநூத்தம்பது.

— வார்ப்பு இரும்பு எத்தனையில உருகும்னு யாரையாச்சும் கேட்டீங்களா?

— மாயவன கேட்டேன்.

— சூளைக்குத் தீ போடுற மாயவனயா? என்னா சொன்னான்?

— 'மண்ணே தாங்குது மொதலாளி, இரும்பு தாங்காதா'ன்னான்.

— நல்ல வேள, ஒங்க வூட்டு அண்டா குண்டாவெல்லாம் தப்பிச்சிது. கிளேஸு என்னா கலரு?

— பச்ச. வண்டி கலருக்கு எடுப்பா இருக்கட்டும்னு.

— அந்தோனியாரே, என்னால முடியல. கொஞ்சம் தண்ணி குடுங்க.

— அண்ணே, ஞாயித்துக்கெழம மாமா வராரு. செவ்வாக்கெழம மாசிமகம். வருசா வருசம் அன்னைக்கி வண்டிய எடுத்துக்கிட்டு கோயிலுக்குப் போவாரு, ஊரே நின்னு பாக்கும். எட்டு வருசமா என்னய 'மண்ணு பெசயிற மாப்ள'ன்னுதான் நாலு பேருகிட்ட சொல்லுவாரு. மொத தடவையா நம்பி ஒரு சாவியக் குடுத்தாரு. அத திருப்பிக் குடுக்கும்போது நான் எப்படிண்ணே அவரு மொகத்தப் பாப்பேன்? அவமானமா இருக்குது.

— பிளாக்கு எங்கியாச்சும் தேடினீங்களா?

— மெட்ராஸ்ல புதுப்பேட்டை பூரா அலைஞ்சேன். லண்டனுக்கு லெட்டர் போடு, ஆறு மாசத்துல வரும்னான் ஒருத்தன். பாண்டிச்சேரியில ஒரு பிரெஞ்சுக்காரரு வச்சிருக்காருன்னு அங்கியும் போனேன். காட்டுனாரு. அது மீன்புடி படகு இன்ஜினு.

— அவ்வளவு தூரம் எதுக்குப் போனீங்க? பஸ் ஸ்டாண்டு நடராசன் வூட்டுப் பின்னால ஒரு அம்பாசிடரு நிக்கிது. பாடி இத்துப்போச்சின்னு கோழி அடைச்சி வச்சிருக்கான். இன்ஜினு கல்லு மாதிரி இருக்குது. அந்த பிளாக்கு போதும்.

— வெள்ளக்காரன் வண்டிக்கு கோழிக்கூட்டு இன்ஜினா? என்னாண்ணே, என்னயப் பாத்தா எப்படித் தெரியுது?

— நான் ஒன்னு சொல்லட்டுமா? ரெண்டும் ஒரு வவுத்துப் புள்ளைங்க. ரெண்டும் ஆயிரத்தைநூறு சிசி. அதே அச்சு, அதே வார்ப்பு. அண்ணங்காரன் சீமையில கோட்டு மாட்டிக்கிட்டு ரேசுக்குப் போனான். தம்பிக்காரன் கல்கத்தாப் பக்கம் பொறந்து இங்க கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஓடிக்கிட்டு இருக்கான்.

— மாமா கண்டுபுடிச்சிடுவாரு. பானெட்டத் தொறந்து காத வச்சிக் கேப்பாரு. 'இதுதான் மாப்ள இங்கிலீஷ் சத்தம்'பாரு.

— கேப்பாரு, கேப்பாரு.

— நெசமாத்தாண்ணே.

— நான் இல்லன்னு சொன்னேனா? இங்க பாருங்க, பிளாக்குக்கு முன்னாடி பிளேட்டு, பின்னாடி பிளேட்டு ரெண்டும் ஒங்க பழசையே மாட்டணும். இன்ஜின் நம்பரு தகடு தனியா ரிவிட் அடிச்சிருக்கும், பேத்து இதுல அடிச்சிடலாம். பெயிண்ட்டு அடிச்சி ரெண்டு நாளு அடுப்புப் பொகை காட்டுனா போதும், பொறந்ததுலேருந்து அங்கியே இருந்த மாதிரி ஆயிடும். தகட்டயும் சேத்து உருக்கிட்டீங்களா?

— இல்ல, கழட்டி சாமி ரூம்புல வச்சிருக்கேன். ஒரு நிமிசம் இருங்க. இந்த ஜில்லாவுலயே வேற எம்.ஜி. கெடையாது. பிளேட்ட மாத்தணும்னு, பொகை காட்டணும்னு, இதெல்லாம் ஒங்களுக்கு எப்படித் தெரியும்?

— டீ சொல்றீங்களா மொதலாளி?

— அண்ணே.

— சக்கர கம்மியா.

— அண்ணே!

— எழுபத்தாறாம் வருசம். ஷெட்டு போட்ட புதுசு. ஒரு சைக்கிள்கூட ரிப்பேருக்கு வரல. ஐயாதான் மொத மொதல்ல நம்பி வண்டிய வுட்டாரு. வேப்பமரத்துக் கெளையில செயினு போட்டு இன்ஜினத் தூக்குனேன். கெளை முறிஞ்சிது.

— பிளாக்கு?

— ரெண்டா.

— கெளை தாங்குமான்னு யாரையாச்சும் கேட்டீங்களா?

— கேளுங்க, கேளுங்க. ஒங்களுக்கு இன்னைக்கி வாய்ச்சிருக்குது. பெண்ணாடத்துல கரும்பு டிராக்டரு பின்னால இடிச்சி ஒரு டாக்சி நசுங்கிக் கெடந்துது. அதோட பிளாக்க வாங்கியாந்து மாட்டினேன்.

— அப்ப நான் சூளையில வச்சது?

— டாக்சி.

— பதினஞ்சு வருசமா எங்க மாமா காத வச்சிக் கேட்டது?

— பெண்ணாடம் டாக்சி.

— அடப்பாவி அண்ணே!

— திட்டுங்க, வாங்கிக்கிறேன். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் ஐயா எங்க வூட்டுக்கு வந்து, 'அருளானந்தம், வெள்ளக்காரன்கூட இப்படிக் கட்டியிருக்க மாட்டான்யா'ன்னு எம் பொண்டாட்டி ஜோஸ்பின் முன்னாடி சொல்லுவாரு. கூனிக்குறுகிப் போயிடுவேன். மனசு கேக்காம சர்ச்சுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி சாமியாருகிட்ட சொன்னேன். அவரு மூணு செபம் சொல்லச் சொல்லிட்டு, மறுநாளே தன்னோட புல்லட்ட வேற மெக்கானிக்குகிட்ட மாத்திட்டாரு.

— இப்ப என்னாண்ணே பண்றது?

— நானும் வாயத் தொறக்க மாட்டேன், நீங்களும் தொறக்கக் கூடாது. அவரு மனசுல அது இங்கிலாந்து இன்ஜினு. அப்படியே இருந்துட்டுப் போவட்டும். சனிக்கெழம சாயந்தரம் வண்டி ஓடும்.

— அனுசியாகிட்டயும் சொல்லக் கூடாது.

— கூடவே கூடாது.

— ஏங்க, கதவ சாத்திக்கிட்டு உள்ள என்னா பண்றீங்க ரெண்டு பேரும்?

— அனுசியா! நீ எப்ப வந்த?

— இப்பத்தான். கும்புடுறேங்க அருளானந்தம் அண்ணே. எஸ்.டி.டி. பூத்துலேருந்து நேரா வரேன். அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

— எல்லாத்தையும்னா?

— ஏரிக்குப் போனது, தண்ணி ஊத்துனது, சூளையில வச்சது, மாயவன்கிட்ட யோசன கேட்டது. பின்ன என்னாங்க? ஒரு வாரமா சோத்தப் பெசஞ்சி வச்சிட்டு எழுந்துடுறீங்க. என்னால பாக்க முடியல.

— என்னா சொன்னாரு? சீக்கிரம் சொல்லு.

— சிரிச்சாரு. சிரிச்சிக்கிட்டே இருந்தாரு. பூத்துக்காரரு மீட்டரப் பாத்துட்டு, 'அந்தப் பக்கம் யாராச்சும் பேசுறாங்களா இல்லியாம்மா'ன்னாரு. ஆப்பரேசன் பண்ண கண்ண வச்சிக்கிட்டு இப்படிச் சிரிக்காதீங்கன்னு கோயமுத்தூரு அண்ணி சத்தம் போடுறது கேட்டுது.

— கோவமே படலியா?

— 'நானும் சின்ன வயசுல செஞ்ச கூத்துதான், மாப்ளய மொதல்ல சாப்புடச் சொல்லு'ன்னாரு. அப்பறம் மெக்கானிக்கு யாருன்னு கேட்டாரு. நீங்க அருளானந்தம் அண்ணன கூப்புட்டு வரப் போயிருக்கீங்கன்னேன். அண்ணனுக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாரு.

— எனக்காம்மா? எனக்கு என்னா சேதி?

— 'போன தடவ டாக்சி பிளாக்க மாட்டுனப்ப பின்னாடி ஒரு போல்ட்ட வுட்டுட்டான், மறுநாளு நானே முடுக்கிக்கிட்டேன், இந்தத் தடவயாச்சும் எண்ணி மாட்டச் சொல்லு'ன்னாரு.