தீர்மானத்தில் அந்தச் சொல் வேண்டாம்

இந்த மாலைக் கூட்டத்துக்கு மணிமகுடமாய் வீற்றிருக்கும் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் சீனியம்மாள் அவர்களே! சட்டத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கும் வழக்கறிஞர் முகமது யாசீன் அவர்களே! நாகமலை புதுக்கோட்டையின் நல்லோரே, பெரியோரே! அடுப்பை அணைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! அணைக்காமல் வந்தவர்கள் ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அதுவரை நான் பேசிக்கொண்டுதான் இருப்பேன்! முகாமிலிருந்து வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் என் உறவுகளே! அனைவருக்கும் லட்சுமிநாராயணனின் அன்பு வணக்கம்.

என்னை உங்களுக்குத் தெரியும். ஃபிளெக்ஸ் கடைக்காரன். காதுகுத்தா, கல்யாணமா, கபடிப் போட்டியா, காளைக்குப் பிறந்தநாளா, பேனர் என் கடையில்தான். மதுரையில் பட்டம் இல்லாத மனிதன் உண்டா? பிறந்து பத்து நாள் ஆகாத பிள்ளைக்குத் 'தென்னகத்தின் திருமகன்' என்று அச்சடித்தவன் நான்! என்ன சிரிப்பு? அந்தப் பிள்ளையின் தகப்பனார் மூன்றாவது வரிசையில் இருக்கிறார்!

இன்று நம் முன்னே ஒரு தீர்மானம். இலங்கையிலிருந்து படகேறி வந்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம் பக்கத்து முகாமில் வாழும் மக்களுக்குக் குடியுரிமை கிடைக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள் என்று அரசை வேண்டும் தீர்மானம். அருமையான தீர்மானம், அவசியமான தீர்மானம்! ஆனால் முதல் வரியே 'சட்டவிரோதக் குடியேறிகளாகிய இவர்களுக்கு' என்று தொடங்குகிறது. அந்தச் சொல் வேண்டாம் என்று சொல்லத்தான் மேடையேறினேன்.

"சட்டத்துல அப்படித்தான் இருக்கு, நானா எழுதுனேன்?" என்கிறார் யாசீன் பாய். உண்மை, பாய். தாளில்லாமல் வந்தவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் அது. ஆனால் சட்டத்தைத் திருத்தக் கேட்டுப் போகிறவன், அதன் சுடுசொல்லையும் சுமந்துகொண்டா போக வேண்டும்? மனிதர் விரோதமா? மழலை விரோதமா? மருந்து கொடுக்கப் படித்த கை விரோதமா? குஜராத்திலிருந்து வந்த என் முன்னோர் எந்தச் சாவடியில் எந்தத் தாளைக் காட்டினார்கள்? வந்தார்கள், நெய்தார்கள், வாழ்ந்தார்கள். மதுரை அவர்களை வாங்க என்றது!

நான் செய்த பிழையையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம், முகாமில் வளர்ந்த பவதாரிணி செவிலியர் படிப்பில் கல்லூரியிலேயே முதலாவதாக வந்தாள். தகப்பனார் ஓடி வந்தார். "அண்ணே, மகளுக்கு ஒரு பேனர் அடிக்கவேணும். எவ்வளவு பெருசா ஏலுமோ அவ்வளவு பெருசா!" அடித்தேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சிங்கம், தங்கம் என்று எழுதுகிற இந்தக் கை, அன்று யோசிக்காமல் என்ன எழுதியது தெரியுமா? 'அகதி மாணவி பவதாரிணி.'

மறுநாள் அவளே கடைக்கு வந்தாள். கோபமில்லை, அழுகையில்லை. "அண்ணே, நான் பொறந்தது நம்ம பெரியாஸ்பத்திரியில. எங்கிருந்தும் நான் ஓடி வரலையே. எல்லாருக்கும் எம்புட்டோ பேரு வைக்கிறீங்க, எனக்கு மட்டும் இதுதானா?" என்று கேட்டாள். வெட்கப்பட்டேன், பெரியோரே, வெட்கப்பட்டேன். பிறந்த அதே ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. இங்கே பிறந்தும், பெற்றோர் தாளில்லாமல் வந்தவர்கள் என்பதால் அவளுக்குக் குடியுரிமை இல்லை; அது இல்லாமல் விண்ணப்பமே போட முடியாது. அந்தப் பெண்ணுக்காகப் பேசும் தீர்மானமே அவளைக் குற்றவாளி என்று அழைக்கலாமா?

ஆகவே 'நம்மோடு வாழ்ந்து, நம் மண்ணில் பிள்ளை பெற்று, இன்னும் குடியுரிமை கிடைக்காத நம் மக்களுக்கு' என்று தொடங்குவோம். பாய் ஏதோ சொல்கிறார், மைக்கைக் கொடுங்கள். "லட்சுமண்ணே சொன்னபடியே போடுவோம். சட்டப் பிரிவு எண்ணை மட்டும் கீழ குறிச்சிக்கிருவோம், மனு செல்லும்." கேட்டீர்களா! பாய்க்கு ஒரு கைதட்டல்!

தலைவரம்மா, ஒரு வேண்டுகோள். முகாம் மக்கள் நம் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. எந்தத் தேர்தலிலும் அவர்களுக்கு வாக்கும் இல்லை. இன்று அவர்களும் கை உயர்த்தலாமா?

"தாராளமா தூக்கட்டும்ப்பா! அவுகளப் பத்தித்தான பேசுறோம்!"

வாழ்க தாயே! மாற்றத்தை ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள். பவதாரிணி, ஏன் தாயி அப்பாவைப் பார்க்கிறாய்? இருபத்திரண்டு வயதில் இது உன் முதல் வாக்கு. உயர்த்து. இன்னும் உயர்த்து! அதோ, பின்வரிசையே எழுந்து நிற்கிறது! எண்ணுங்கள் யாசீன் பாய், ஒரு கை விடாமல் எண்ணுங்கள்! உயர்ந்த கைகள் ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்லி, என் கையையும் உயர்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்!