சூட்டுக்குத்தான் சாட்சி

கெழவருக்குக் கண்ணு போனாலும் வெரல்லயே கடுதாசி படிச்சுடுவாருன்னு தபால்காரர் எதிர்வீட்டுல சொல்லிச் சிரிச்சுட்டுப் போனாரே, நீ படியேறி வர்றப்ப. உன் காதுல விழலயா? எனக்கு விழுந்துச்சு. அதான் கதவைத் தெறக்கும்போதே சிரிச்சேன். உன்னைப் பாத்து இல்ல.

உக்காரு. மெதுவாப் பேசு, உங்கப்பா சாப்பிட்டுட்டு இப்பத்தான் கண்ணசந்தாரு. நான் துணி தேச்சுக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காத. உங்கண்ணனுக்குக் காலர்ல ஒரு சுருக்கம் இருந்தாலும் ஆகாது.

எட்டு வருஷத்துல இருபத்திரண்டு கடுதாசி. வரட்டுமாப்பா, வரட்டுமாப்பான்னு. பெத்த அப்பன் ஒரு வரி பதில் போடக்கூடாதான்னு கேக்கற. ஞாயந்தான். சொல்றேன்.

அவரைத்தான் உனக்குத் தெரியுமே. முப்பது வருஷம் கோர்ட்டுல தலைமை குமாஸ்தா. ஆதாரம் இல்லாம எதையாவது நம்பியிருக்காரா? சாமி இருக்காருன்னா நேர்ல வந்து கையெழுத்துப் போடச் சொல்லும்பாரு. நீ புடிச்சவனைக் கட்டிக்கிட்டுப் போனப்பவும் அதே பாட்டுதான். போன்ல யார் மாதிரியும் யாரும் பேசலாம், எதுவா இருந்தாலும் எழுத்துல வரட்டும், நான் சொன்னப்புறம் அவ வாசப்படி மிதிக்கட்டும்னாரு. மறு வருஷமே கண்ணு போச்சு, அதுக்கப்புறந்தான் உன் முதல் கடுதாசியே வந்துச்சு.

கடுதாசி வந்தா முதல்ல மோந்து பாப்பாரு. தபால் தலையோட ஓரத்தை நகத்தால நெருடுவாரு. உள்ள எத்தனை தாள்னு எண்ணுவாரு. எல்லாம் திருப்தின்னா, ம், படிம்மான்னு என்கிட்ட நீட்டுவாரு.

உறைக்கு அவ்வளவு சோதனை. படிக்கற வாய்க்கு என்ன சோதனை? ஒண்ணுமில்ல. என்னை ஏன் நம்பினாருங்கற? உங்கண்ணன் வர ராத்திரியாகும், பகல்ல வீட்டுல வேற கண்ணு இல்ல, அவ்வளவுதான். தேவைன்னு வந்துட்டா ஆதாரம் கேக்கற வாய் தானா மூடிக்குது.

இல்ல, நீ எழுதினதை நான் படிக்கல.

கத்தாத. முழிச்சுக்குவாரு.

எழுது எழுதுன்னு எம்புருஷன் பண்ற தொல்லை தாங்காம எழுதறேன், உங்க மூஞ்சியில முழிக்க எனக்கு ஆசையில்ல, பதில் போடாதீங்க. இப்படித்தான் படிச்சேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் கொறச்சு. அவரும் லேசுப்பட்டவரா என்ன? நாலு நாள் விட்டு, அந்தக் கடுதாசியில மூணாவது வரி என்னம்மான்னு சும்மா கேக்கற மாதிரி கேப்பாரு. குறுக்கு விசாரணை! அதனால படிச்சு முடிச்ச கையோட சமையல்கட்டுக்குப் போய், வாயில வந்ததை அப்படியே எழுதி, அதே எண்ணிக்கை தாளா உன் உறைக்குள்ள வெச்சுடுவேன். ஒரு சொல் மாறினதில்ல. உன்னோடது அடுப்புக்குப் போயிடும்.

கேட்டுட்டு என்ன பண்ணுவாரா? இன்னொரு தரம் படிக்கச் சொல்லுவாரு. உறையைத் தலகாணிக்கு அடியில சொருகிட்டு, இன்னிக்கு எனக்குச் சாப்பாடு வேணாம்பாரு. இருபத்திரண்டு தடவை.

நான் என்ன பாவம் பண்ணேன்னா கேக்கற? இந்த மணிக்கட்டைப் பாரு. கிட்ட வா, பயப்படாத, இஸ்திரிப் பெட்டியை நிமித்தி வெச்சுட்டேன். இதே பெட்டிதான் அது. இன்னும் நல்லா வேலை செய்யுது. உங்கண்ணன் இதுல என் கையை வெச்சு அழுத்திப் புடிச்சப்ப நீ அந்த நிலைப்படியில சீப்போட நின்னே. அப்புறம் உங்கப்பா நடுவுல நாற்காலி போட்டு விசாரிச்சாரே. என் கையைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, அப்பல்லாம் கண்ணு நல்லாத் தெரியும். தீக்காயம் சூட்டுக்குத்தான் சாட்சிம்மா, ஆளுக்கு இல்லன்னாரு. நீ பாத்தியான்னு உன்னைக் கேட்டாரு. தலை வாரிட்டிருந்தேன்ப்பா, கவனிக்கலன்னே.

நான் சாமிகிட்டகூட எதையும் நம்பிக் கேட்டதில்ல. ஆதாரமே இல்லாம நான் நம்பினது ஒண்ணே ஒண்ணு. நீ சொல்லிடுவேன்னு. நீ வாயைத் தெறக்கற வரைக்கும் நம்பினேன்.

சின்னப் பொண்ணா? இருபது வயசு உனக்கு.

மூக்கைத் துடை. வழியில்லாம இல்ல. உள்ள போ. அன்னிக்கு நான் பாத்தேன்ப்பா, அண்ணன்தான் சூடு வெச்சான்னு சொல்லு. அடுத்த நிமிஷம் கடுதாசி அத்தனையும் பொய்யின்னு நானே ஒத்துக்கறேன். நான் ஒத்துக்குவேங்கறதுக்கு என்ன ஆதாரமா? அடேயப்பா, அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்க.

ஆமா, ஒரு தடவை பொய் சாட்சி சொன்ன வாயை அவரு மறுபடி ஏத்துக்கமாட்டாரு. உனக்கும் அதேதான், எனக்கும் அதேதான். என்னை எப்ப ஏத்துக்கிட்டாரு, நான் கவலைப்பட? அதெல்லாம் சொல்லாமப் போய்க் காலைக் கட்டிக்கறேன்னா கட்டிக்க. குரலை வெச்சே உன்னைத் தெரிஞ்சுக்குவாரு. தெரிஞ்சுக்கிட்டு, தலகாணிக்கு அடியில கையை விடுவாரு. இது நீ எழுதினதுதானேம்பாரு.

கட்டில் கிறீச்சுங்குது. எழுந்துட்டாரு. சொல்றதுன்னா இப்பச் சொல்லு.

இங்கதான் இருக்கேன் மாமா. யார் வந்திருக்காங்களா? அவங்களே சொல்லட்டும் மாமா.

ம்? கேக்கறாரு, சொல்லு.

யாரோ வீடு மாறி வந்தவங்க மாமா. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க.