மேல்மாடிக்குப் போகும் காற்று

வீட்டுக்குச் சூடும் குளிரும் தர ஒரே மெஷினைப் போட்டு மாடிக்கு மாடி பிரிப்பதா, இரண்டு தனி மெஷின் போடுவதா என்று யாராவது உங்களைக் கேட்டால், இரண்டு போடச் சொல்லுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன். நீங்களும் புதிதாக வீடு வாங்கியிருப்பதாகச் சொன்னீர்கள், அதனால்தான். பொலிஸிலும் உங்களைப் போல ஒரு தமிழ்ப் பிள்ளை இருப்பது நல்லது, விளக்கமாகப் பேசலாம்.

எங்கள் வீடு ரூஜ் பக்கம், இரண்டு மாடி. நானும் அண்ணை ஜூலியசும் சேர்ந்து வாங்கியது. கீழே நானும் மனைவி பேபியும். மேலே அண்ணை, தனியாள். அண்ணி போய் ஏழு வருடம். போன வருடம் வீட்டைச் சூடாக்கும் பழைய ஃபேர்னஸும் ஏசியும் ஒன்றாகப் படுத்துவிட்டன. புதிது போட வந்த செந்தில்நாதன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். ஒரே மெஷின் என்றால் மேலே போகும் குழாயில் ஒரு தகடு, கீழே போகும் குழாயில் ஒரு தகடு. எது திறக்கும், எது மூடும் என்பதை ஒருவருடைய போன் தீர்மானிக்கும். இரண்டு மெஷின் என்றால் அவரவர் பாடு அவரவருக்கு.

அண்ணை மெதுவாக வாயைத் திறந்தார்.

"தம்பி, ரெண்டெண்டால் நல்லம். டொக்டர் என்னை வெக்கைக்குள்ள இருக்க வேண்டாம் எண்டவர், இதயத்துக்குக் கூடாதாம்."

ஒன்றே போதும் என்றேன். உடனே தலையாட்டினார். மூக்குக்கண்ணாடியைக்கூடத் தேடாமல் நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். எழுபத்தொரு வயது மனிதர். இப்படி ஒரு ஆளை எப்படி மதிப்பது, சொல்லுங்கள்.

அவரைப் பற்றி ஒன்று தெரிய வேண்டும். இருபத்தாறு வருடமாக அவர் என்னை யாருக்கும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியதில்லை. கலியாண வீடு, ஞானஸ்நானம், கோயில் வாசல், மீன் கடை வரிசை, எங்கே என்றாலும் என் தோளில் கையைப் போட்டு, "இவர் என்ர தம்பி, நான்தான் ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்கு எடுத்தனான்" என்பார். கம்பனியில் என் கீழே நாற்பது பேர் வேலை செய்தார்கள். அங்கே நத்தார் விருந்துக்கு வந்தும் என் மேலதிகாரியிடம் உடைந்த இங்கிலிஷில் அதையே சொன்னார். அவர் பெருமையில் சொல்கிறார் என்பாள் பேபி. பெருமைதான். யாருடைய பெருமை என்பதுதான் கேள்வி.

தகடுகளின் கட்டுப்பாட்டை என் போனில் வைத்துக்கொண்டேன். மேல்மாடிச் சுவரில் இருக்கும் பெட்டி அவர் அழுத்திய எண்ணைப் பெரிதாகக் காட்டும். அதன்படி நடப்பதா என்பது என் கையில். முதல் குளிர்காலம் சும்மா சோதித்துப் பார்த்தேன். மேலே வெப்பத்தை நாலு பாகை குறைத்துவிட்டேன். அவர் இரண்டு சுவெட்டர் போட்டுக்கொண்டு இறங்கி வந்து, இந்த வருடம் கனடாவில் குளிர் கூட என்றார். நாட்டைக் குறை சொன்னாரே தவிர என்னைச் சந்தேகிக்கவில்லை. எனக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு ஆடி மாத வெயில். ஐந்து நாள் விடாமல் எரித்தது, நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். பேபி பிறம்ரனில் மகள் வீட்டில் நின்றாள். மேலே போகும் தகட்டை மூடினேன். யன்னலைத் திறந்தால் மெஷின் பழுதாகிவிடும் என்று முதலே அவருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அது பொய். ஆனால் ஒரு மனிதன் தனக்கு மூச்சு முட்டும்போது யன்னலைத் திறப்பான் என்றுதானே நீங்கள் நினைப்பீர்கள்? அவர் திறக்கவில்லை. மெஷினைக் காப்பாற்றினார்.

இரண்டாம் நாள் கீழே வந்து படிக்கட்டடியில் நின்றார். இங்கே நல்ல குளிர் என்றார். நான் இருங்கோ என்று சொல்லவில்லை. தம்பி வீடு என்றாலும் சொல்லாமல் கதிரையில் இருக்க மாட்டார், அது அவருடைய மரியாதை. ஏறிப் போய்விட்டார். மூன்றாம் நாள் மேலேயிருந்து எனக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"மேல காத்து வரேல்லைப் போல கிடக்கு, தம்பி."

இருப்பது ஒரே மெஷின், இந்த வெயிலுக்கு இரண்டு மாடிக்கும் அது காணாது என்றேன்.

"அப்ப கீழயே விடு. உனக்கெல்லோ பிரஷர். நான் சமாளிப்பன்."

இதை எழுதிக்கொள்ளுங்கள். அவர் வாயால் சொன்னது.

நாலாம் நாள் பின்னேரம் மூன்று மணி வரைக்கும் தலைக்கு மேலே நடை கேட்டது. பிறகு ஏதோ விழுந்த சத்தம். நான் போகவில்லை, போனைப் பார்த்தேன். மேலே முப்பத்தேழு என்று காட்டியது. ஒரு மணித்தியாலம் பொறுத்துத் தகட்டைத் திறந்து இருபத்திரண்டில் விட்டேன். அறை குளிர்ந்த பிறகு ஏறிப் பார்த்து, அம்புலன்ஸைக் கூப்பிட்டேன். வந்த பெடியன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டில்தான் இன்றைக்கு மூச்சு விட முடிகிறது என்றான். போன் எல்லாவற்றையும் மணியோடு பதிந்து வைக்கும் என்று செந்தில்நாதன் எனக்குச் சொல்லவில்லை. அது அவருடைய பிழை.

செத்த வீட்டில் நூறு பேர் என் கையைப் பிடித்தார்கள். உங்களைக் கூப்பிட்டு எடுத்தவர் போய்விட்டாரே என்றார்கள். ஒருவருக்கும் என் பெயர் தெரியவில்லை.

ஓம், நான்தான் மூடினேன். அவர் சாக வேண்டும் என்றுதான் மூடினேன். எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் நான் வெளிக்கிட வேண்டும், நாலு மணிக்குச் செந்தில்நாதன் வருகிறார். மேல்மாடிக்கு நாங்கள் மாறப் போகிறோம், கீழே மகனும் மருமகளும் வருகிறார்கள். இந்த முறை இரண்டு தனி மெஷின். மகன் நல்ல பிள்ளைதான், ஆனால் என்னுடைய காற்றை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டுப் படுக்க, நான் என்ன அண்ணையைப் போல மடையனா?