ஊழியர்கள் இல்லாத கூட்டம்

எங்கள் கூட்டத்தில் பிஸ்கட் எப்போதும் மிஞ்சிப்போகும். அதைப் பொட்டலம் கட்டி மாடியில் படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களுக்குக் கொடுத்தனுப்பும் பழக்கத்தை ஏற்படுத்தியது நான்தான். விசாரிக்க வந்திருக்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன். நான் பொறுப்பில்லாதவள் அல்ல.

அந்த முதியோர் இல்லத்தில் எங்களுக்கு ஓர் உறவினர் குழு உண்டு. அங்கே இருப்பவர்களின் பிள்ளைகளும் மருமக்களும் மாதம் ஒருமுறை சாப்பாட்டுக் கூடத்தில் கூடி, குறைகளைப் பேசி, நிர்வாகத்திடம் சொல்வோம். நான் தலைவி. கூட்டத்தில் ஊழியர்கள் இருக்கக் கூடாது என்ற விதியும் என்னுடையதுதான். அவர்கள் எதிரில் நின்றால் யார் வாயைத் திறப்பார்கள்?

அம்மாவுக்கு மறதி நோய் முற்றியிருந்தது. அவளைப் பார்த்துக்கொண்டவளை எல்லோரும் குட்டி ஆயா என்பார்கள். ஆள் அவ்வளவு சின்னவள். அவள் கரண்டியை நீட்டினால்தான் அம்மா சாப்பிடுவாள். "என் பொண்ணு வந்துட்டா" என்று முகமெல்லாம் சிரிப்பாள். என்னைப் பார்த்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, "உக்காருங்க, யாரைப் பாக்கணும்?" என்பாள்.

"மனசுல வெச்சுக்காதீங்கக்கா. அம்மா உங்களைத்தான் தேடுறாங்க. என்னை நீங்கன்னு நெனச்சுக்கிறாங்க, அவ்வளவுதான்" என்றாள் குட்டி ஆயா ஒருநாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்குப் பொறுக்கவில்லை. என்னைப் பெற்றவளைப் பற்றி எனக்கே விளக்கம் சொல்கிறாள்.

அடுத்த கூட்டத்துக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தேன். அவள் நைட்டிக் கையை மடித்து, மேல்கையில் கன்றிப்போயிருந்த இடத்தைக் காட்டினேன். யார்மேலும் குற்றம் சொல்லவில்லை. "அம்மாவைத் தொட்டுத் தூக்குறது ஒருத்திதான்" என்று மட்டும் சொன்னேன். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "அந்தப் பொண்ணையும் ஒரு வார்த்தை கேக்கலாமேம்மா" என்று இழுத்தார். விதியை நினைவூட்டினேன். அவளை நீக்கச் சொல்லும் தீர்மானத்துக்கு எல்லாக் கைகளும் உயர்ந்தன. அன்று மாலையே அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அதன்பின் நானே தினமும் ஊட்டப் போனேன். அதற்காகத்தானே எல்லாம். அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு வாசலையே பார்த்திருந்தாள். "நான்தாம்மா உன் பொண்ணு" என்றேன். "இருக்கட்டும்மா. அவ வந்துரட்டும், சாப்பிடுறேன்" என்றாள் மரியாதையாக.

"அந்தப் பொண்ணையே திரும்பக் கூப்பிடலாமா மேடம்?" என்று தலைமை நர்ஸ் கேட்டாள். குழுவின் தீர்மானத்தை என் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்றேன். மூக்கில் குழாய் போட்டுக் கொடுத்த சாப்பாடும் உடம்பில் ஒட்டவில்லை. அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். நெஞ்சு வெடிக்க அழுதேன். அதில் பொய் இல்லை.

கன்றிய இடம் நான் கிள்ளியதுதான். மறுக்கவில்லை. கூட்டத்துக்கு முந்தின நாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஆனமட்டும் கிள்ளினேன். அழுகை எனக்குத்தான் வந்தது. அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "யாரும்மா உங்களை அழ வெச்சது?" என்று கேட்டாள்.

வேற்று மனுஷிக்கு யாராவது அப்படித் துடைத்துவிடுவார்களா? அம்மாவுக்கு என்னைத் தெரிந்திருந்தது.