சுட்டுவிரல்

என் மனைவியை அவள் பிறந்த வீட்டில் ‘வாயாடி’ என்றே அழைப்பார்கள். தேநீர்க் குவளையைக் கையில் எடுத்துவிட்டால் பேசத் தொடங்கிவிடுவாள். தேநீர் ஆறி ஏடு கட்டிவிடும். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடியும் பேசுவாள். நத்தைகளை ஆராய்கிறவள் இத்தனை வேகமாகப் பேசலாமா என்று நானே கேலி செய்ததுண்டு.

அம்மா, நீங்கள் அவளுடைய ஆய்வு நெறியாளர். அவள் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, “அவளுக்கு என்ன ஆச்சு? என்கிட்டப் பேசக்கூடத் தயங்குறாளே” என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவரிடம்தான் கேட்கிறீர்கள்.

அவள் என்னைவிடப் பல ஆண்டுகள் இளையவள். பல்கலைக்கழக வேலைக்கு அவள் முயலத் தொடங்கியபோது, நான் பள்ளி ஆசிரியர் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். சமையலை ஏற்றுக்கொண்டேன். நேர்காணலுக்கு உடுத்தும் ஆடையை நானே தேய்த்து மடித்து வைத்தேன். மாலைதோறும் சாப்பாட்டு மேசையின் ஒருபுறம் நான் தேர்வுக் குழுவாக அமர்வேன். எதிர்ப்புறம் நின்று அவள் தன் ஆய்வை விளக்குவாள்.

வகுப்பறையில் எனக்கொரு வழக்கம் இருந்தது. மாணவன் தவறினால் நான் வாய் திறப்பதில்லை. சுட்டுவிரலை மட்டும் உயர்த்துவேன். அவன் நிறுத்தி, பிழையைத் தானே கண்டு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதையே வீட்டிலும் கையாண்டேன். தொடக்கத்தில் அவள் உண்மையாகவே தவறிய இடங்களில்தான் விரல் உயர்ந்தது. அவளும் தேறினாள்.

முதல் நேர்காணலில் இரண்டாமிடம் வந்தாள். அடுத்ததில் வேலை உறுதி என்று நீங்களே சொன்னீர்கள். அந்த மகிழ்ச்சியில் அவள், “வேலை கிடைச்சா வேற ஊருக்குப் போகணும்ங்க. உங்களுக்கென்ன, எங்க இருந்தாலும் சும்மாதானே இருக்கப்போறீங்க” என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை, பிழையே இல்லாத ஒரு வாக்கியத்துக்கு விரலை உயர்த்தினேன்.

“என்னங்க, எது தப்பு?”

“நீயே யோசிச்சுப் பாரு.”

“‘நிரூபிச்சிருக்கேன்’னு சொன்னது அதிகப்பிரசங்கித்தனமோ? ‘இருக்கலாம்’னு சொல்லியிருக்கணுமோ?”

“பாத்தியா, உனக்கே தெரியுது.”

இல்லாத பிழையைக் கண்டுபிடிப்பதில் அவளுக்கிருந்த திறமை என்னை வியக்கவைத்தது. நான் எதையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நேர்காணலுக்கு உடன் சென்றேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்து நாற்காலியில் அமர்ந்திருந்தேன். அவள் நன்றாகவே பேசிக்கொண்டிருந்தாள். குழுவில் ஒருவர், சரிந்த மூக்குக்கண்ணாடியை மேலேற்ற விரலைத் தூக்கினார். அவள் நிறுத்தினாள். முதலிலிருந்து தொடங்கினாள். அவருடைய கண்ணாடி மீண்டும் சரிந்தது. மூன்றாம் முறை அவள் திரும்பி, கதவுக்கு வெளியே என்னைத் தேடினாள்.

தேற்றித்தான் அழைத்துவந்தேன். அதன்பின் பயிற்சியைக் கூட்டினோம், அவளே கேட்டாள்.

இப்போதெல்லாம் கடைக்காரரிடம் பேசும்போதுகூட, நான் காதைச் சொறிந்தால் பாதியில் நிறுத்திவிடுகிறாள். அதனால்தான் இன்று தனியே அனுப்பினேன். தேநீரைச் சூடாகவே குடித்து முடிக்கிறாள்.

நிறுத்திவிட நானும் எண்ணினேன். ஒரு மாலை கைகளை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன். அவளுக்கு ஒரு வாக்கியமும் வரவில்லை. “கைய மேல வைங்க, பயமா இருக்கு” என்று அழுதாள். வைத்தேன். விரல் தானாகவே உயர்ந்தது. வேறென்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.

இதையெல்லாம் நீங்கள் அவளிடம் சொல்லலாம்; நான் தடுக்கமாட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே, இதை நம்பலாமா என்று அவள் என் கையைத்தான் பார்ப்பாள்.

வரும் திங்கட்கிழமை நேர்காணல் கணினி வழியாக, இந்த அறையிலேயே நடக்கும். இனி வேறு வாய்ப்பு இராது என்கிறீர்கள். என்னை உடனிருக்கச் சொல்லி அவள் கெஞ்சியிருக்கிறாள். துணை நிற்பதாக ஒப்புக்கொண்டவன் பாதியில் விலகுவது முறையன்று. ஆகவே கணினிக்குப் பின்னால், என் கை அவளுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில், நாற்காலி போட்டு உட்காரத் தீர்மானித்திருக்கிறேன்.