மெத்தென்று ஒரு துண்டு

வேங்கிக்காலில் ஏறிய இரண்டு பெண்கள் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். இளையவள் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் செல்போனை மறந்துவிட்டேன்.

"அக்கா, கொடியில காஞ்ச துண்டு மொடமொடன்னு இருக்கு. செத்துப்போன எங்க வீட்டுக்காரருக்குக் கழுத்து அரிக்குது போல. கம்மி செலவுல எப்படி மெத்துனு ஆக்கறது?"

"கடைசி அலசல்ல ஒரு மூடி வினிகர் ஊத்து. நல்லா உதறி நிழல்ல காயப்போடு. ஆமா, அவருக்கு அரிக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது?"

"போன அமாவாசைக்குப் புதுத் துண்டு வச்சுப் படைச்சேங்க. காலையில பாத்தா யாரோ அதை அலசிக் கொடியில போட்டிருக்காங்க, ஈரம் சொட்டுது. வீட்டுல நான் ஒருத்திதான்."

"படையல் துணிய யாராச்சும் நனைப்பாங்களா?"

"அவரு உயிரோட இருந்தப்பவே புதுத் துண்ட அலசாம தோள்ல போடமாட்டாரு. காஞ்சும் மொடமொடப்பு போகல, விட்டுட்டுப் போயிட்டாரு."

மூத்தவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"இந்த அமாவாசைக்கு நீயே மெத்துனு ஆக்கி வச்சுடும்மா. எடுத்துக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் வரமாட்டாரு."

பஸ் ஸ்டாண்டு வந்தது. இளையவள் இறங்குவதற்கு எழுந்தபடியே சொன்னாள்.

"அப்ப வினிகர் வேணாங்கக்கா. மொடமொடன்னே இருக்கட்டும்."