குழி வரிசைக்கும் சரிபாதி

மூடுபனியிலும் முகம் மலர்ந்து தலைமை ஏற்றிருக்கும் பிரிஞ்சாங் வணிகர் ஐயா கமருஸ்ஸமான் அவர்களே, மலையேறி வந்து மாலை ஏற்றுக்கொண்ட பெரியோர்களே, கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கூந்தலில் ஈரம் காயாமல் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பல்கலைக்கழகம் போகப் பெட்டி கட்டி வைத்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் அத்தனை பேருக்கும் மணியம்மா மகளின் வணக்கம்.

ஐந்தாம் வகுப்போடு நின்றவளை மேடை ஏற்றியிருக்கிறீர்கள். ஏற்றியது உங்கள் பெருந்தன்மை. சீக்கிரம் இறங்க மாட்டேன் என்பது என் குணம். சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் சிரிப்பு வராது.

மூன்றாவது வரிசையில் இருப்பவள் என் பேத்தி சாரதா. மண்ணைப் பற்றிப் படிக்கிறாள். நிலத்தில் ஒன்றைச் சோதிக்க வேண்டுமானால், ஒரே மாதிரியான இடங்களைத் தனித்தனித் தொகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் எல்லாவற்றையும் நட்டுப் பார்க்க வேண்டுமாம். "அதுக்கு பிளாக்னு பேரு, பாட்டி" என்றாள். நான் சொன்னேன்: "பெயர் உங்களுடையது லா. பயிர் என் அம்மாவுடையது."

ஜப்பான்காரன் காலம். துரைமார் ஓடிவிட்டார்கள். கவாத்து வெட்ட ஆளில்லாமல், இடுப்பளவு நின்ற தேயிலை மரமாய் எழுந்து நின்றது. கடிகாரத்தைக்கூட அவன் ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தான். அதனால் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது விடிந்திருக்காது. பனிக்குள் பெயர் கூப்பிடுவார்கள். பதில் வரும், ஆள் தெரியாது. ஒரு காலையில், செத்துப் போனவர் ஒருவரின் பெயரை மறதியாகக் கூப்பிட்டுவிட்டார், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தங்கராஜு. பனிக்குள்ளிருந்து "வந்துட்டேன்" என்று குரல் வந்தது. யார் சொன்னது என்று கேட்டோமா? கேட்கவில்லை. கிராணி கேட்டாரா? அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளுக்குக் கீழே ஒரு சரிவு. சரிவின் அடியில் ஒரு குழி. காய்ச்சலில் போன எட்டுப் பேரை, சுற்றுவதற்குத் துணி கிடைக்காமல், கோணிச்சாக்கில் சுற்றி அங்கே புதைத்தோம். அதன் பிறகு உச்சிப்பொழுதிலும் அங்கே பனி விலகவில்லை. யாருமே இல்லாத தேயிலைக்குள் கொழுந்து கிள்ளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அந்தச் சரிவில்தான் கிழங்கு போட வேண்டும் என்று உத்தரவு. கங்காணி கருப்பையா வெள்ளை வள்ளிக்கொடி கொண்டுவந்தார். என் அம்மா லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கு வரை நடந்து போய், காய்கறித் தோட்டத்தில் சிவப்புக்கொடி கேட்டு வாங்கி வந்தாள். கங்காணி தன் கொடியை உச்சியில் நட்டார். அம்மாவின் கொடிக்குக் குழியோரத்தைக் காட்டினார். என்ன ஆகும்? வெள்ளை கொழித்தது. சிவப்பு கருகியது.

பெரட்டில் எல்லோர் முன்பும் கங்காணி சொன்னார்: "மணியம்மா கொண்டாந்தது வள்ளி இல்லப்பா, பிணக்கொடி. அது கூட வந்த பேய்தான் லயத்துப் பிள்ளைங்கள இளைக்க வைக்குது. சயாம் ரயில் வேலைக்கு ஜப்பான்காரன் பத்துப் பேர் கேக்குறான். முதப் பேரு யாருன்னு நான் யோசிக்கவே வேணாம்."

என் அப்பா முந்தின வருடமே அந்த ரயில் பாதை போடச் சயாமுக்குப் போனவர், சேதி இல்லை. அம்மாவும் போனால் எனக்கு யார்? அப்போது எனக்குப் பதினொரு வயது, தாய்மார்களே.

கிராணிதான் இடையில் புகுந்தார். "சயாம் பட்டியல் அடுத்த கிழங்கு தோண்டின பிறகுதானே போகுது, கங்காணி? அவங்க பேச்சையும் கேப்போம்."

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுச் சொன்னாள்: "பேய் இல்லேன்னு நான் சொல்ல வரலீங்க. இருக்கட்டும். உங்க கொடி அந்தப் பேயைப் பாத்துச்சா?"

"என் கொடி எதுக்குப் பாக்கணும்? அது மேல நிக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். இந்தத் தடவை உங்க கொடியும் குழிக்கு இறங்கட்டும், என் கொடியும் உச்சிக்கு ஏறட்டும்."

சரிவைக் குறுக்கே நான்கு வரிசையாகப் பிரித்தாள். உச்சி வரிசை, வாய்க்கால் வரிசை, பாறை வரிசை, குழி வரிசை. ஒவ்வொரு வரிசையிலும் ஒரு பாதி வெள்ளை, ஒரு பாதி சிவப்பு. "அப்ப வலப்பக்கம் எனக்கு" என்றார் கங்காணி. "நீங்களும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம்" என்றாள் அம்மா. கூடைக்குள் ஒரு வெள்ளைக் கல், ஒரு செங்கல் துண்டு. வரிசைக்கு வரிசை, கிராணி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார்; கையில் வந்த நிறத்துக்கு வலப்பக்கம். ஒரே நாள் நடவு, ஒரே சாம்பல், ஒரே தண்ணீர்.

ஐந்து மாதம். குழி வரிசையில் களை பிடுங்க நான்தான் போவேன். களையை இழுத்தால், அடியிலிருந்து யாரோ மெதுவாகப் பிடித்துக்கொள்வது போல இருக்கும். நான் விட்டால் அதுவும் விட்டுவிடும். அம்மாவிடம் சொன்னேன். "எந்தப் பக்கம்டி?" என்று கேட்டாள். "ரெண்டு பக்கமும்மா." "அப்ப சரி" என்று சொல்லிவிட்டு அடுப்பை ஊதப் போய்விட்டாள்.

தோண்டும் நாள் வந்தது. உச்சியில் வெள்ளை ஒன்பது கூடை, சிவப்பு பதினொன்று. வாய்க்கால் வரிசையில் ஏழு, ஒன்பது. பாறை வரிசையில் ஐந்து, எட்டு. குழி வரிசைக்கு இறங்கினோம். அங்கே இரண்டு செடிகளை யாரோ எங்களுக்கு முன்பே தோண்டியிருந்தார்கள். வெள்ளையில் ஒன்று, சிவப்பில் ஒன்று. பன்றி கிளறினால் மண் சிதறிக் கிடக்கும் அல்லவா? இங்கே மண்ணைக் கையால் தட்டி மட்டமாக்கி, கொடியை அழகாய்ச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

கிராணி மெல்லச் சொன்னார்: "கங்காணி, அதுகூட பாரபட்சம் பாக்கல."

மிச்சத்தைத் தோண்டினோம். வெள்ளை ஒரு கூடை. சிவப்பு மூன்று.

சபையோரே, உச்சியில் விளைந்த ஒன்பதையும் குழியில் விளைந்த மூன்றையும் பக்கத்தில் வைத்தால் யார் ஜெயிப்பார்கள்? கங்காணிதான். அது கொடியின் வெற்றியா? இடத்தின் வெற்றி. அம்மா உச்சியை உச்சியோடு வைத்தாள், குழியைக் குழியோடு வைத்தாள். பேயை அவள் விரட்டவில்லை, பேய்க்குப் பூசை போடவில்லை; பேய் இருந்தால் இரண்டு கொடிக்கும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று பங்கு பிரித்துக் கொடுத்தாள். அதன் பிறகு நான்கு வரிசையும் ஒரே சாட்சி சொல்லின.

கங்காணி பட்டியலை வாங்கி, அம்மாவின் பெயரைத் தானே அடித்தார். அந்த வருடம் சரிவு முழுக்கச் சிவப்பு. லயத்துப் பிள்ளைகள் வயிறு நிறைந்து தூங்கினார்கள்.

ஆனால் பட்டியலில் அம்மாவின் இடம் காலியாகப் போகவில்லை. அங்கே யார் பெயர் ஏறியது என்று எனக்குத் தெரியும். அவர் வழிவந்தவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். சபையில் சொல்ல மாட்டேன். ரயிலை நிறுத்தக் கிழங்கால் முடியவில்லை. ஒரு பழியை நிறுத்த முடிந்தது, அவ்வளவுதான்.

படிக்கப் போகும் பிள்ளைகளே, ஒருவனைத் தேறாதவன் என்று எழுதுவதற்கு முன்னால், அவனை எந்த வரிசையில் நட்டார்கள் என்று கேளுங்கள். அவன் பக்கத்திலேயே, அதே மண்ணில், அதே பனியில் உங்களை நட்டிருந்தால் எத்தனை கூடை விளைந்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள்.

பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும், பனியில் வந்து உட்கார்ந்திருந்த உங்களுக்கும், நியாயம் தவறாமல் பங்கு எடுத்துக்கொண்டு என் தாயை என்னிடமே விட்டுவைத்த குழி வரிசைக்காரர்களுக்கும் என் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.